முப்பத்தொன்றும் முப்பத்தெட்டும்

டாக்டர் நஸீஹா கம்மூன் இறந்து நாற்பது நாள் கழிந்துவிட்டது. கடலோர நகரமான ஸ்ஃபாக்ஸில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடம் உதவியாளராக இருந்தவள் நான். பத்திரிகையில் வந்த இரங்கல் குறிப்பு அவர் கண்டுபிடித்ததைச் சொன்னது. எனக்குத் தெரிந்தது அதில் இல்லை.

மேற்கே வறண்ட கிராமங்களில் சில வீடுகளில் பிள்ளைகள் ஐந்து வயது வரை ஓடியாடுவார்கள். பிறகு தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றுவார்கள். பன்னிரண்டு வயதில் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுவார்கள். பெற்றோருக்கு ஒரு குறையும் இருக்காது. பெரும்பாலும் அவர்கள் ஒருவருக்கொருவர் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள்; அங்கே அப்படிக் கட்டிக்கொள்வது வழக்கம். நஸீஹா வாடகை வண்டியில் ஐஸ் பெட்டியோடு போய் ரத்தம் எடுத்து வருவார். ஒன்பது வருடம் தேடி, பழுது எந்த மரபணுவில் என்று கண்டுபிடித்தார். அதன் பிறகு அல்ஜியர்ஸிலிருந்தும் திரிப்போலியிலிருந்தும் ரத்தக் குழாய்கள் எங்களுக்கு வர ஆரம்பித்தன. அவரிடம் படித்தவர்கள் இன்று நான்கு நாடுகளில் கல்யாணத்துக்கு முன் இதைச் சோதிக்கிறார்கள்.

ஆரம்பத்தில் ஒரு கிராமத்தில் மருத்துவச்சி ஒருத்தி, எங்களுக்கு ரத்தம் கொடுத்த ஒரு பெண்ணின் பெயரை வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது. வேறு யாரும் கேட்டு வரவில்லை. அந்தக் கிராமம் எங்களுக்குக் கதவைச் சாத்தியது. அன்று நஸீஹா ஒரு சட்டம் போட்டார். குழாய்களுக்கு எண் போடுவது நான்; எண்கள் அவரிடம், பெயர் நோட்டு என்னிடம். ரத்தம் கொடுத்தவர் கேட்காமல் நோட்டைத் திறக்கக் கூடாது.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தம் வேண்டும். எங்கள் வேலையில் எல்லோரும் செய்வதுதான். நாங்களே கொடுப்போம், வீட்டாரிடமும் எடுப்போம். கடலோர நகரத்துக் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று நம்பினோம். பதினாறு வருடத்துக்கு முன் நோன்புப் பெருநாள் காலை, குடும்பமே உப்பு மீனும் திராட்சைக் குழம்பும் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் ஊசியோடு போனார். "பெருநாளன்னிக்கு ஊரே காசு குடுக்குது, எங்கக்கா மட்டும் ரத்தம் கேக்குறா" என்றாராம் தம்பி மொன்ஸெஃப். பதினாலு பேர் கை நீட்டினார்கள்.

பழுதைச் சுமந்தும் நோயில்லாதவர் ரத்தத்தில் இரண்டு கோடு விழும், நல்ல ரத்தத்தில் ஒன்றுதான். சுமப்பவர் இருவர் சேர்ந்தால் பிள்ளைக்கு நோய் வரலாம். ஒப்பீட்டு ரத்தத்தில் முப்பத்தொன்றிலும் முப்பத்தெட்டிலும் இரண்டு கோடு விழுந்தது. நஸீஹா வெகுநேரம் விளக்கொளியில் அதைப் பார்த்தார். பெருநாள் குழாய்கள் இருபத்தெட்டிலிருந்து நாற்பத்தொன்று வரை என்பது அவருக்குத் தெரியும். அன்று அவர் எதுவும் கேட்கவில்லை.

ஒன்பது வருடம் கழித்து அவர் மகன் ஸியாதும் மொன்ஸெஃபின் மகள் எம்னாவும் கல்யாணம் செய்துகொள்ளத் தீர்மானித்தார்கள். சோதித்துக்கொள்ளுங்கள் என்று நஸீஹா சொல்லிப் பார்த்தார். எங்கள் ரத்தத்தையும் அந்தக் கிராமத்தார் ரத்தத்தையும் ஒன்றாக்குகிறாயா என்று தம்பி கோபித்துக்கொண்டார். வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதே என்றான் மகன். மறுநாள் நஸீஹா என் மேஜைமுன் வந்து நின்றார்.

"ஷாதிலியா, முப்பத்தொண்ணும் முப்பத்தெட்டும் யாரு?"

"நீங்க போட்ட சட்டம்தானே டாக்டர்."

"நான் கேக்குறேன்."

"ரத்தம் குடுத்தவங்க கேக்கலையே."

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். என்னை மெச்சுகிறார் என்றே நினைத்தேன். அவர் போன பிறகு நோட்டைத் திறந்தேன். முப்பத்தொன்று ஸியாத். முப்பத்தெட்டு எம்னா. மூடி வைத்தேன். கல்யாணத்தில் எனக்கு முன்வரிசை நாற்காலி போட்டிருந்தார்கள்.

அடுத்த வருடம் லீனா பிறந்தாள். இருவரும் சுமந்தாலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்புதான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பேத்தியை மடியில் வைத்தால் நஸீஹாவின் கை அவள் கெண்டைக்காலுக்குப் போய்விடும்; அந்த நோயில் முதலில் தடிப்பது அதுதான். அதை அழுத்திப் பார்த்தபடியே என்னைப் பார்ப்பார். மறுபடி கேட்கவே இல்லை.

நாற்பதாம் நாள் ஓதல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டோம். லீனா தரையில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஆறு வயது. யாரோ கூப்பிட்டார்கள். அவள் முதலில் முழங்காலில் கை வைத்தாள், அப்புறம் தொடையில், மெல்ல மெல்லத் தன்மேலேயே ஏறுவதுபோல எழுந்தாள்.

"கிழவி மாதிரி எந்திரிக்கிறா பாரு, சோம்பேறி" என்றார் மொன்ஸெஃப். எல்லோரும் சிரித்தார்கள். எம்னாவும் சிரித்தாள். அவளுக்கு இப்போது மூன்றாம் மாதம்.

என்னைக் காலா, சித்தி என்றே கூப்பிட்டு வளர்ந்த ஸியாதை மாடி முகப்புக்குக் கூட்டிப்போய் இரண்டு எண்களையும் சொன்னேன். அது யார் யார் என்பதையும் சொன்னேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா, காலா?"

"நான் சொல்லல."

"உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"உன் கல்யாணத்துக்கு முன்னாடியே."

உள்ளே லீனா அப்பாவைக் கூப்பிட்டாள். அவன் போகவில்லை. வயிற்றிலிருப்பதைச் சோதிக்க இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும், என் முகத்தைப் பாராமலே கேட்டான்.