செங்காய் மட்டும்

எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்த மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, இந்த மாற்றத்தை நீங்கள்தான் முன்னின்று நடத்த வேண்டும் என்றார். நான் பத்தாம் வகுப்புவரை படித்தவள். காபிப் பறிப்புக்குப் போன பெண்களில் எனக்குக் கையெழுத்து நன்றாக இருந்ததால் சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். முன்னால் நிற்பது எனக்கு எப்போதும் வராது. சரிங்க என்றேன்.

அதுவரை காபிச் செடியில் பழம், காய் என்று பார்க்காமல் கிளையோடு உருவிவிடுவோம். இனிமேல் நன்றாகச் சிவந்ததை மட்டும் ஒவ்வொன்றாகப் பறிக்க வேண்டும். மேனேஜர் ஒரு வாரம் பார்ப்பார். சரிவராவிட்டால் மலை அடிவாரத்திலிருந்து காண்ட்ராக்ட் ஆட்களை ஏற்றி வந்துவிடுவார். பறிப்புக்கு வருகிற கொட்டச்சேடு ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் வேலை போகும். அதில் ஒருத்தி என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

மேனேஜர் குடகுக்காரர். தமிழ் பேசுவார், எழுத வராது. என்னைப் போர்டில் எழுதச் சொல்லி, “செங்காய் மட்டும் பறிக்கவும்” என்றார். சாக்பீஸ் நின்றுவிட்டது. செங்காய் என்றால் எங்களுக்குச் சிவப்பு அல்ல. பழுக்க இன்னும் சில நாள் இருக்கிற, மஞ்சளோடிய காய். பின்னால் கணக்கெழுதும் ரைட்டரும் டிரைவரும் நின்றார்கள். அவர்கள் முன்னால் திருத்த வாய் வரவில்லை. எழுதிவிட்டேன். பிறகு தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் அன்றே சேலம் போய்விட்டார். எழுதியதை நானாக மாற்றினால் ரைட்டர் கேட்பார் என்று பயம்.

மறுநாள் என்னோடு படித்த அவள் போர்டைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“ஏம்புள்ள, பழுத்தத உட்டுப்போட்டு செங்காயப் பறிக்கோணுமா? வைக்கோலுக்குள்ள வெச்சுப் பழுக்க வெப்பாங்களோ?”

“போர்டுல இருக்கறதுதான்.”

“மேனேஜரு நொம்பப் படிச்சவரு போல.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிவந்த பழத்தில் விரல் படாமல், மஞ்சளோடியதைத் தேடித் தேடிப் பறித்தார்கள். அவ்வளவு கவனமாக அவர்கள் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் வந்து ஒரு மூட்டையைக் களத்தில் கொட்டச் சொன்னார்.

“யாரு இப்படிப் பறிக்கச் சொன்னது?”

“போர்டுல போட்டிருக்குதுங்க சார், செங்காய்னு” என்றாள் அவள்.

“செங்காய்னா சிவப்புக் காய்தானே?”

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்கள். அவர் முகம் இறுகியது. என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு இது தெரியுமா?”

அவளும் என்னைப் பார்த்தாள்.

“கவனிக்கலீங்க சார்” என்றேன்.

பெண்கள் வேண்டுமென்றே செய்ததாக மேனேஜர் முடிவு கட்டினார். அடுத்த திங்கட்கிழமை அடிவாரத்து ஆட்கள் வேனில் வந்து இறங்கினார்கள். என்ன எழுதலாம் என்று இந்தத் தடவை என்னையே கேட்டார். “பழம் மட்டும்” என்று எழுதினேன். பறிப்பு முடிந்ததும், மாற்றத்தை நல்லபடியாக நடத்தினேன் என்று எல்லோர் முன்னாலும் எனக்குக் கை தட்டினார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவள் இப்போது வாழவந்திப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போகிறாள். இருவருக்கும் காலையில் ஒரே பஸ். ஒருநாள் வேறு இடம் இல்லை. அவள் நகர்ந்து கொடுத்தாள், உட்கார்ந்தேன்.

“போர்டுல பழம்னு மாத்திப்போட்டயாமா?”

“ம்.”

எஸ்டேட் கேட் வந்தது. எழுந்து நின்றேன். பள்ளிக்கூட நாளிலிருந்து பஸ்ஸை நிறுத்தச் சொல்லி எனக்காகச் சத்தம் போடுபவள் அவள்தான். அன்றும் போட்டாள்.

“ஏனுங்க, நிறுத்துங்க, ஆள் எறங்கோணும்.”

இறங்கினேன்.