இருமலுக்கு மட்டும் மருந்து

எங்கள் வீட்டில் வேலை செய்யும் சரோஜாவோடு இன்று அவள் ஊர் சுகாதார மையத்துக்குப் போனேன். சேலையூரிலிருந்து இரண்டு பஸ்.

குடும்ப மருத்துவம் படிக்கும் டாக்டர்கள் கிராமப் பயிற்சிக்காக அங்கே ஆளுக்கு இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவார்கள். இன்று இருந்தவள் புதியவள், சின்னப் பெண்.

"என்ன பண்ணுதுக்கா?"

"இருமல்."

மார்பில் கட்டி என்று சொல்லித்தான் சரோஜா என்னைத் துணைக்கு அழைத்திருந்தாள்.

"கட்டியைச் சொல்லேன்" என்றேன்.

"எத்தினி பேருக்கும்மா சொல்றது? போன டாக்டரு அடுத்த மாசம் வா, பாக்கலாம்னாரு. வந்தா அவரு இல்ல. அதுக்கு முந்தி இருந்த டாக்டரம்மாவும் அதான் சொல்லிச்சு." பிறகு அந்தப் பெண்ணிடம், "நீ எப்பம்மா பூடுவ?"

"அடுத்த மாசக் கடைசில." பொய் சொல்லத் தெரியவில்லை.

"அப்ப இருமலுக்கே குடு."

டாக்டர் எழுந்து கதவைச் சாத்தினாள். கட்டியைத் தொட்டுப் பார்த்தவள் "அடுத்த" என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"நாளைக்குக் காலைல தாம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்கக்கா. நான் வாசல்ல நிக்கறேன்."

திரும்பும் வழியில் சரோஜா ஒரு தடவைகூட இருமவில்லை. "அந்தப் பொண்ணு வருமாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு லீவு சொல்லியிருக்கிறேன். அரசு வைத்தியத்தில் ஒரே டாக்டரை இரண்டு முறை பார்த்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் எழுதுங்கள். சரோஜாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.