கறுப்பாத்தான் இருக்கு அக்கா

பிள்ளையின் கண்ணில் அம்மன் இறங்கியிருக்கிறாள் என்றுதான் மயிலம்மாள் முதலில் நினைத்தாள். சாமி விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினால், பாயில் உட்கார்ந்திருக்கும் நீலாவதியின் இடது கண் வெள்ளையாகப் பளிச்சென்று மின்னும். ரெண்டு வயசுப் பிள்ளை. வெளியே சொன்னால் கண்ணேறு பட்டுவிடும் என்று புருஷன் சன்னாசியிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்வாள்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம். பகாவ் பக்கத்து அந்த ரப்பர் தோட்டத்தில் கூலிகள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். காட்டிலிருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதாம். விடியுமுன் பால்மரத்துப் பட்டை வெட்டிப் பாலெடுக்கப் போகிறவர்களை வரிசையில் நிறுத்தி, வாளி, மடி எல்லாம் சோதிப்பார்கள். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விடப் போகும் தாய்மார் துணிமூட்டையையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

"பீத்துணிக்குள்ள அரிசி கொண்டு போறேன், நல்லாப் பாரு," என்பாள் பக்கத்து வீட்டு ராக்கம்மா. கேட்டில் நிற்கும் ஸ்பெசல் போலீஸ்காரன் அப்துல் ஜலீல் பகாவில் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் ஒருவரின் மகன். கோபிக்க மாட்டான். "பாத்தாச்சு, போங்கக்கா," என்பான்.

ஒரு நாள் அவன் டார்ச் வெளிச்சம் மயிலம்மாளின் தோளில் கிடந்த பிள்ளையின் முகத்தில் விழுந்தது. அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா, இந்தக் கண்ணு ஏன் இப்படி மின்னுது?"

"அது பூனைக்கண்ணு தம்பி."

"பூனைக்கண்ணுன்னா ரெண்டும் மின்னணுமே அக்கா."

வரிசை பின்னாலிருந்து தள்ளியது. மயிலம்மாள் நகரவில்லை. அன்றைக்கு அவள் மரம் வெட்டப் போகவில்லை; சன்னாசியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

தோட்ட ஆபீஸ் கிராணியிடம் அனுமதிக் கடிதம் வாங்கி, மறுநாள் புருஷனும் பெண்சாதியும் பஸ் ஏறிச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கண் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பிள்ளையை நெடுநேரம் பார்த்துவிட்டு இரண்டு பேரையும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். சன்னாசி சுவரோரம்தான் நின்றான். உட்கார்ந்தால்தான் பேசுவேன் என்றார் டாக்டர்.

"கண்ணுக்குள்ள புற்று. கண்ணை எடுத்தா பிள்ளை பிழைக்கும். விட்டா மூளைக்கு ஏறும்."

"பொட்டப்புள்ளைங்க ஐயா," என்றான் சன்னாசி. "ஒத்தக் கண்ணோட யாருங்க கட்டுவா? மருந்து குடுங்க, நாங்க மாரியாத்தாளுக்கு நேந்துக்கிறோம்."

டாக்டர் சிரிக்கவுமில்லை, அதட்டவுமில்லை. "இதுக்கு மருந்து இல்லை. நேர்த்தி வையுங்கோ, நான் தடுக்கேல்ல. முதல்ல ஒரு காரியம் செய்யுங்கோ. நல்ல கண்ணை நீங்களே பொத்திப் பாருங்கோ."

சன்னாசி தோள்துண்டால் வலது கண்ணை மறைத்தான். பிள்ளை வீறிட்டு அழுது துண்டைப் பிடித்து இழுத்தது. இடது கண்ணை மறைத்தான். அது பாட்டுக்கு டாக்டர் மேசையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பத் திரும்ப மூன்று தடவை செய்தான். பிறகு துண்டை மடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டான். அந்தக் கண்ணில் பார்வையே இல்லை என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"அம்மா என்ன சொல்லுறியள்?" என்று டாக்டர் மயிலம்மாள் பக்கம் திரும்பினார்.

"அவ என்னங்க சொல்லப்போறா, அப்பன் நான் இருக்கேன்," என்றான் சன்னாசி, துண்டுக்குள்ளிருந்தே.

"பெத்தவை ரெண்டு பேர். ரெண்டு பேரும் சொன்னாத்தான் நான் கத்தியைத் தொடுவன்."

கல்யாணத்திலிருந்து, விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம் வரைக்கும் மயிலம்மாளிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அம்மன் வெளிச்சம் என்று அத்தனை நாள் கும்பிட்டதை நினைத்தாள். வெளிச்சம் காட்டியது அம்மன்தான், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. கும்பிடுவதோடு நிறுத்திக்கொண்டது தன் பிசகு.

"எடுத்துருங்க ஐயா," என்றாள். "ஒத்தக் கண்ணாலயாச்சும் எம்புள்ள எங்களப் பாக்கட்டும்." பிறகு புருஷனைப் பார்த்து, "என்னங்க?" என்றாள்.

சன்னாசி தலையை ஆட்டினான். காகிதத்தில் அவன் கைநாட்டும் அதன் பக்கத்தில் அவள் கைநாட்டும் விழுந்தன.

கண்ணை எடுத்துப் பத்து நாள் கழித்துக் கிளம்பும்போது டாக்டர் மயிலம்மாளிடம்தான் சொன்னார்: "மற்றக் கண்ணிலயும் வரக்கூடும். நான் மாசத்துக்கு ஒருக்காத்தான் பாப்பன். இடையில நீங்கதான் வெளிச்சம் அடிச்சுப் பாக்கோணும். கறுப்பா இருந்தா நல்லது. வெள்ளை தெரிஞ்சா அண்டைக்கே கூட்டிக்கொண்டு வாங்கோ."

வீட்டில் டார்ச் ஏது? மறுநாள் விடியலில் கேட் வரிசையில் அவள் முறை வந்தது. கட்டுப் போட்ட பிள்ளையைக் கண்டதும் ஜலீல் டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டான்.

"அடிச்சுப் பாரு தம்பி," என்றாள் மயிலம்மாள். "நல்ல கண்ணுல அடி. என்ன தெரியுது?"

அவன் குனிந்து பார்த்தான். "கறுப்பாத்தான் இருக்கு அக்கா."

அதிலிருந்து தினமும் அதுதான். சோதனையென்றால் முகம் சுளிக்கிற வரிசை, அந்த ஒரு நிமிஷம் சத்தமில்லாமல் நிற்கும். ராக்கம்மா மட்டும், "என்னாய்யா, கறுப்பா?" என்று பின்னாலிருந்து கேட்பாள். "கறுப்பு லா," என்று மலாய்க்காரர் மாதிரி இழுப்பான் ஜலீல். "அப்ப சரி, என் மூட்டையப் பிரி." ஆடித் திருவிழாவுக்கு மாரியம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்திய கையோடு, மயிலம்மாள் அவனுக்கு ரெண்டு பேட்டரி வாங்கிக் கொடுத்தாள். அரசாங்கம் தருகிறதே என்றான். "இது ஆத்தா குடுக்கிறது, வாங்கிக்க," என்றாள்.

நீலாவதி தோட்டப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சன்னாசி அவர் காலில் விழப் போனான், அவர் விடவில்லை.

மறுநாள் கேட்டில் மயிலம்மாள் சிலேட்டோடு நின்ற மகளை முன்னால் விட்டாள். ஜலீல் டார்ச்சைத் தூக்கினான்.

"இனி வேணாம் தம்பி. டாக்டரு போதும்னுட்டாரு."

"அவரு சொல்லிட்டுப் போறாரு. நான் பாக்க வேணாமா?" என்று அவன் குனிந்தான். நீலாவதி பழக்கப்படி தலையை நிமிர்த்திக் கண்ணை அகல விரித்தாள்.

வரிசை காத்திருந்தது.

"கறுப்பாத்தான் இருக்கு அக்கா. போயிட்டு வாங்க."