மருதாசலத்தின் பட்டன் டயர்

கோயமுத்தூர்க் கணபதியில் ஒருவரைக் குறை சொல்ல வேண்டுமென்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும். பிறகு மழை தண்ணியைப் பற்றிப் பேச வேண்டும். பிறகு காப்பி கொடுக்க வேண்டும். அதற்குள் சொல்ல வந்த குறை ஆறி அவலாகிப் போயிருக்கும். இந்த மரியாதையால் ஊரில் சண்டை குறைவு என்பது நிஜம்தான். ஆனால் இதே மரியாதையால்தான் மருதாசலம் என்கிற தங்கமான மனிதர், மண்ணில் ஓட்ட வேண்டிய டயரை மாட்டிக்கொண்டு நான்கு வருசம் தார்ரோட்டில் ஓட்டினார். ஏன் சாமி இப்படி என்று கேட்க ஊரில் ஒரு வாய் இல்லை.

அது பட்டன் டயர். டயர் முழுக்கப் பெரிய பெரிய ரப்பர் கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். சேற்றையும் மண்ணையும் கடித்துப் பிடித்து ஏறுவதற்கென்று செய்தது, கோயமுத்தூரில் மண் ரேஸ் ஓட்டும் பையன்கள் மாட்டுவது. தார்ரோட்டில் அதற்குக் கடிக்க ஒன்றுமில்லை. கட்டைகள் ஒவ்வொன்றாக ரோட்டை அறைந்துகொண்டு போகும். வேகம் கூடினால் அந்த அறையெல்லாம் சேர்ந்து மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு ஊமைச் சத்தமாகிவிடும். மருதாசலத்தின் பழைய யெஸ்டி பைக் சத்தி ரோட்டிலிருந்து சந்துக்குள் திரும்பும்போது ஜன்னல் கம்பிகள் கூட லேசாக அதிரும்.

"நீங்க மெயின் ரோட்டுல வர்றப்பவே எங்களுக்குத் தெரிஞ்சுபோகுதுங்" என்று வீட்டுக்கார நாச்சியம்மாள் சிரித்துக்கொண்டே சொல்வார். அவருடைய பேத்தி தூக்கம் கலைந்து அழுகிற நேரமாகப் பார்த்துத்தான் சொல்வார். மருதாசலம் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வார்.

"ஆமாங். நல்ல டயருங்."

அவர் மனைவி பொற்கொடி இதை உள்ளிருந்து கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள், சத்தம் வராமல்.

மருதாசலம் அன்னூர்ப் பக்கத்துக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். அவரும் கொஞ்ச நாள் போனார். பிறகு கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டிப் பெருக்கச் சேர்ந்து, மெல்ல மெல்ல மெஷினில் நிற்கக் கற்று, முப்பதைத் தொடுவதற்குள் வாடகைக் கொட்டகையில் இரண்டு லேத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். பம்ப் மோட்டாருக்கு வேண்டிய சின்னச் சின்னச் சாமான்கள் கடைந்து கொடுப்பார். கெட்டிக்காரர், ஆனால் எதிராளி முகம் சுண்டுகிற மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. யாராவது தப்பான அளவு கொடுத்துவிட்டு வந்து குதித்தால், "நாந்தானுங் செரியாக் கேட்டுக்கல" என்று சொல்லிவிட்டு மறுபடி கடைவார். ஒருமுறை தையல்காரர் சட்டைப் பையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டார். மருதாசலம் அந்தச் சட்டை கிழிகிறவரை பேனாவை வலது பக்கம் குத்திக்கொண்டு திரிந்தார்.

கல்யாணமாகி வந்த புதிதில் பொற்கொடி பதற்றத்தில் குழம்புக்கு இரண்டுமுறை உப்புப் போட்டுவிட்டாள். மருதாசலம் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார், இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார், எழுந்துபோய்ப் பின்வாசலில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். பிறகு பொற்கொடி சாப்பிட உட்கார்ந்து முதல் வாய் வைத்தபோதுதான் அவளுக்கு விசயம் புரிந்தது. காறித் துப்பிவிட்டு, சுவரில் சாய்ந்து தனியாகச் சிரித்தாள். இந்த மனுசனுக்கு ஒன்று என்றால் தாங்க மாட்டோம் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவளும் லேசுப்பட்டவள் இல்லை. கோபிசெட்டிபாளையத்துக்காரி. காலில் அம்மிக்கல் விழுந்தாலும் "பரவால்லீங்" என்று சொல்லி வளர்ந்தவள். இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு முடிச்சுப் போட்டால் வீட்டில் உண்மை எங்கிருந்து வரும்?

மாதம் ஒரு ஞாயிறு கோபிக்குப் போவார்கள். அன்னூர், புளியம்பட்டி, சத்தி என்று நெடுக தார்ரோடு. பின்னால் உட்கார்ந்து போகிறவளுக்கு அந்தச் சத்தம் காதில் கேட்பதில்லை, எலும்பில் கேட்கும். அன்னூர் தாண்டினால் பாதம் மரத்துவிடும். புளியம்பட்டி தாண்டினால் இடுப்பு அவளுடையதாக இருக்காது. திரும்பும்போது அவள் அம்மா தூக்குப்போசி நிறையத் தயிர் கொடுத்துவிடுவார். கோபியில் தயிராக ஏறுவது கணபதியில் மோராக இறங்கும், மேலே வெண்ணெய் மிதந்துகொண்டு. வாழைப்பழம் கொடுத்தால் பஞ்சாமிர்தம்.

"சவுரியமா இருந்துதா அம்மணி?" என்று மருதாசலம் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"நெம்ப நல்லாருந்துதுங்."

சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அவர் அந்த டயரை வைத்திருக்கும் விதத்தைப் பார்த்தால் மனசு வராது. லீவு நாளில் வண்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். கட்டைகளுக்கு நடுவே மாட்டிய கல்லை ஒரு ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக நெம்பி எடுப்பார், தேய்மானத்தைத் தடவித் தடவிப் பார்ப்பார்.

டயர் கொடுப்பவர் அவருடைய கூட்டாளி ஷாநவாஸ். உக்கடத்தில் பழைய டயர் கடை வைத்திருந்தார், அவரே மண் ரேஸ் ஓட்டுகிறவர். ரேஸுக்கு மழுங்கிப்போன டயர்களை மருதாசலத்துக்குக் கொடுப்பார். கொடுக்கும்போதெல்லாம் சண்டை போட்டுத்தான் கொடுப்பார். ஒருமுறை வீட்டுக்கே வந்து டயரை இறக்கிவிட்டுச் சொன்னார்:

"மருதண்ணே, இது மண்ணுல ஓடுற டயரு. நனைஞ்ச தாருல இதுக்குப் பிடிமானமே கெடையாது. நான் ரேஸு முடிஞ்சதும் இத கழட்டிட்டுத்தான் ஊட்டுக்கே போறேன். உங்களுக்கு எதுக்குண்ணே இது?"

"இருக்கட்டுங் பாய்" என்றார் மருதாசலம்.

பொற்கொடி காப்பியோடு வந்தவள் அதைக் கேட்டாள். கூட்டாளி இவ்வளவு சொல்லியும் விடவில்லை என்றால் எத்தனை ஆசை இருக்க வேண்டும்! குடி இல்லை, சீட்டு இல்லை, ஒரு நல்ல சட்டை கூட இல்லை. இந்த மனுசனுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை, அது டயர். அதிலும் போய் மண்ணைப் போடுவதா என்று பேசாமல் இருந்துவிட்டாள்.

தொண்ணூற்றாறு ஐப்பசியில் கோபியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அன்னூருக்கு இந்தப் பக்கம் புதிதாகத் தார் போட்ட இடம். அப்போதுதான் தூறல் ஆரம்பித்திருந்தது. முன்னால் போன டவுன் பஸ் திடீரென்று நின்றது. மருதாசலம் பிரேக்கை மிதித்தார். பின்சக்கரம் நிற்கவில்லை, விலகிக்கொண்டு முன்சக்கரத்தோடு போட்டிக்கு வந்தது. பொற்கொடிக்கு அதற்குப் பிறகு வானம் தெரிந்தது, பிறகு ரோடு. பின்னாலேயே வந்த லாரிக்காரர் ஒடித்துத் திருப்பினார். லாரியின் பின்சக்கரம் அவள் முந்தானையை மிதித்துக்கொண்டு போனது.

மருதாசலத்துக்கு முழங்கைத் தோல் வழண்டிருந்தது. அவளுக்கு அதுவும் இல்லை. ஓடி வந்தவர்கள் தூக்கிவிட்டார்கள், சோடா வாங்கிக் கொடுத்தார்கள். தயிர்ப்போசி எங்கோ உருண்டு போயிருந்தது. மருதாசலம் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, முந்தானையில் பதிந்திருந்த சக்கரத் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் கேட்டதற்கும் "ஒண்ணுமில்லீங்" என்றார்.

அடுத்து கோபிக்குப் போகிற நாள் வந்தபோது பொற்கொடி ஒரு முடிவோடு இருந்தாள். அவளுடைய உயிர் போனால் போகட்டும், அவர் தினமும் இதே டயரில் போத்தனூர் வரைக்கும் சரக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஒருநாள் ஒரு லாரி ஒடித்துத் திருப்பாது. சொல்லியே தீர வேண்டும். வார்த்தை தொண்டைவரை வந்தது. வெளியே வந்தபோது அது வேறாகிவிட்டது.

"காத்து அடிச்சா எனக்குத் தலை வலிக்குதுங். இனிமே பஸ்ஸுல வந்துக்கறேன்."

அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "செரி அம்மணி. மாமனார் ஊட்டுக்கு வண்டி இல்லாமப் போனா நல்லாருக்காது. நீ பஸ்ஸுல போ. நான் பொறகாலயே வாரேன்" என்றார்.

அப்படித்தான் அந்தக் கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை பொற்கொடி கோபி பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டு போனாள். கோவில்பாளையத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவர் எப்படி வருகிறாரோ என்று திரும்பி, பின்கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

அவர் வந்துகொண்டிருந்தார். இரண்டு கால்களையும் கீழே தொங்கவிட்டு, ரோட்டைத் தொட்டும் தொடாமலும், சைக்கிள் பழகுகிற பையன் மாதிரி வந்துகொண்டிருந்தார். கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குத் தெரிந்தது, மருதமலை முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பஸ் எங்காவது நின்றால் நாற்பது அடி தள்ளியே நின்று, தோளில் முகத்தைத் துடைத்து, மூச்சு வாங்கினார். பஸ் கிளம்பினால் மறுபடி அதே தொங்கல், அதே முணுமுணுப்பு.

நான்கு வருசமாக அவள் பார்த்ததெல்லாம் அவர் முதுகைத்தான். அகலமான, நேராக நிமிர்ந்த முதுகு. முதுகில் பயம் தெரிவதில்லை. இந்த முகத்தை இப்போதுதான் பார்க்கிறாள். இது ஆசையாக வண்டி ஓட்டுகிறவன் முகம் இல்லை. தெய்வமே, இவர் நடுங்கிக்கொண்டல்லவா வருகிறார்!

புளியம்பட்டியில் அவள் இறங்கிவிட்டாள்.

"கோபி டிக்கெட்டுங்களே?" என்றார் கண்டக்டர்.

"பரவால்லீங்."

பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றாள். மருதாசலம் வந்தவர் பதறிப்போய் வண்டியை நிறுத்தினார்.

"ஏன் எறங்கிட்ட? பஸ்ஸு கெட்டுப்போச்சா?"

"பஸ்ஸு நல்லாத்தான் இருக்குதுங். ஒண்ணு கேட்டா நெசத்தச் சொல்லோணும்."

"கேளு அம்மணி."

"இந்த டயரு உங்களுக்குப் புடிச்சிருக்குதுங்களா?"

"நல்ல டயரு" என்று ஆரம்பித்தார்.

"அது நாச்சியம்மாக்காவுக்குச் சொல்ற பதிலுங். எனக்கு வேற சொல்லுங்க."

மருதாசலம் முகத்தைத் துடைத்தார். துடைத்த கையைப் பார்த்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மழ பேஞ்சா இதுமேல ஒக்கார்றதும் எமன் முதுகுல ஒக்கார்றதும் ஒண்ணுதான் அம்மணி. எந்தப் பக்கம் போகும்னே தெரியாது. அந்த லாரிக்குப் பொறவு கண்ண மூடுனா உம்பட முந்தானதான் தெரியுது."

"அப்பறம் எந்தக் கருமத்துக்குங் இத மாட்டிட்டுத் திரியறீங்க?"

"உனக்குப் புடிக்குமேன்னுதான்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

மருதாசலம் தயங்கித் தயங்கிச் சொன்னார். பெண் பார்க்க வந்த அன்று அவர் ஓட்டிவந்தது ஷாநவாஸின் வண்டி. பஸ்ஸில் வந்தால் மதிக்க மாட்டார்கள் என்று பாய்தான் கொடுத்து அனுப்பினார், ரேஸுக்கு மாட்டிய டயரோடு.

"பொண்ணு என்ன சொல்லுதுன்னு கேக்க உங்க அத்த உள்ள போனாங்க. திரும்பி வந்து, 'வண்டி நெம்ப நல்லாருக்குதுன்னு பொண்ணு சொல்லுது'ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. அது எம்பட வண்டி இல்லியே! கண்ணாலத்துக்குள்ள ஒரு வண்டிய வாங்கி அதே டயர மாட்டலீன்னா பொய் சொல்லிக் கட்டுனாப்புல ஆயிரும்னு பயந்துபோட்டேன்."

"நாலு வருசமாவா?"

"நீதான் ஒவ்வொருக்காலும் நல்லாருந்துதுன்னு சொன்னியே."

"லாரி போனப்பவாச்சும் கழட்டியிருக்கலாமில்லீங்?"

"கழட்டலாம்னுதான் இருந்தேன். நீ தலவலின்னு சொன்ன. டயரச் சொல்லலியே அம்மணி."

பொற்கொடிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகக் கிளம்பின. இரண்டையும் தள்ளிக்கொண்டு கோபம் வந்தது. பிறந்ததிலிருந்து விழுங்கிய "பரவால்லீங்" அத்தனையும் சேர்ந்து வந்த கோபம். டீக்கடையில் பத்துப்பேர் நிற்கிறார்கள் என்பதுகூட அவள் நினைவில் இல்லை.

"எந்தப் பொண்ணுங் அத்தகிட்ட மாப்பளையப் புடிச்சிருக்குதுன்னு வாயத் தொறந்து சொல்லும்? கூச்சத்துல வண்டியச் சொன்னேன். அதப் போயி நம்பிட்டு... எனக்கு வண்டியப் புடிக்கலீங்! உங்களத்தான் புடிச்சுது! அன்னைக்கும் உங்களத்தான், இன்னைக்கும் உங்களத்தான்! அந்த டயருக்கு உங்களத் தூக்கிக் குடுத்துபோட்டு நான் எங்கீங் போவேன்?"

மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் இரண்டு டீயை நீட்டினார். "சூடா இருக்குதுங், பாத்துக் குடிங்க" என்றார் மிகுந்த மரியாதையோடு.

டீயைக் குடித்துவிட்டு மருதாசலம் வண்டியைக் கடை ஓரத்தில் ஏற்றி நிறுத்தினார். சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்து, கூட்டாளி ஒருவர் வேறு டயர் கொண்டுவந்து மாட்டி எடுத்துப்போவார் என்றார். அடுத்த கோபி பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினார்கள்.

நனைந்த சட்டையோடு வந்து இறங்கிய மாப்பிள்ளையை வாசலில் பார்த்த மாமனார் திகைத்துப்போனார்.

"ஏனுங் மாப்பள, வண்டி எங்கீங்?"

"உங்க பொண்ணுக்கு அது வேண்டாமாமுங்" என்றார் மருதாசலம். "நான் மட்டும் போதும்னு சொல்லிப்போட்டாளுங்."