மஞ்சள் கல்லருகே உட்கார்ந்தவர்

வல்லத்திராக்கோட்டையில் எங்கள் மனையில் போர் போட ரிக் லாரி வந்துவிட்டது. நீரோட்டம் பார்த்தவர் தேங்காய் வைத்துக் குறித்த இடம், எரிவாயுக் குழாய் போவதைக் காட்டும் மஞ்சள் கல்லுக்குப் பக்கத்திலேயே இருந்தது. குழாய்த் தடத்தை நடந்து கண்காணிக்கும் மனிதர் ஓடி வந்தார். ஒல்லி உடம்பு, நின்றாலும் உட்கார்ந்தாலும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஆபீசுக்குப் போன் செய்துவிட்டு, தேங்காயைத் தள்ளிவைத்து அங்கேயே உட்கார்ந்தார்.

“நல்ல நேரம் முடியப்போகுது, எந்திரிங்க,” என்றேன்.

“ஆபீசர் வந்து பாக்காம தோண்டக் கூடாதுங்க. கீழ கேஸ் ஓடுது. ரிக்கு பட்டுச்சுன்னா இங்கிட்டு யாரும் இருக்க மாட்டோம்.”

“அப்ப நீங்க மட்டும் அதுமேல உக்காந்திருக்கீங்க?”

“நான் உக்காந்திருந்தா எறக்க மாட்டீங்கள்ல.”

நல்ல நேரம் தாண்டி லாரி திரும்பிப் போகும்வரை அவர் கால் ஆடவே இல்லை. இறக்கமாட்டேன் என்று என்னை எப்படி நம்பினார்? அந்த நிமிஷம் எனக்கே அது நிச்சயமில்லை.