கேட்காமல் சொன்ன ‘ம்’

சின்னவர்களே, உங்கள் அக்கா படிக்கப் போகாததற்குக் காரணம் உங்கள் அம்மாவின் முட்டிவலி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது இல்லை. நான் மூன்றாம் படிவம் வரை படித்தவன், எழுத்துப் பிழை இருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்.

செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போனால் வரிசையில் இரண்டு மணி நேரமாவது லாரிக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். அங்கேதான் இன்னொரு ஓட்டுநர் என் கைப்பேசியில் பாட்காஸ்ட் வைத்துக் கொடுத்தார். யாரோ இரண்டு பேர் நல்ல தமிழில் உலக விஷயம் எல்லாம் பேசினார்கள். பள்ளியில் எனக்குக் கிடைக்காததெல்லாம் காதுக்குள் வந்து விழுந்தது. ஒரு மாதத்தில் லாரியில் மட்டும் கேட்டது போய், குளிக்கும்போது, சாப்பிடும்போது, கடைக்கு நடக்கும்போது என்று ஆகிவிட்டது.

"அண்ணே, வரிசை போயிருச்சு! பின்னாடி எல்லாம் ஹாரன் அடிக்கிறாங்க, ஓட்டுங்க லா!" என்று அந்த ஓட்டுநரே வந்து கதவைத் தட்டும் அளவுக்குப் போனேன்.

உங்கள் அம்மா வீட்டில் கிண்டல் செய்வாள். "உங்கப்பாகிட்ட பேசணும்னா ரேடியோ ஸ்டேசனுக்குத்தான் போன் போடணும்."

கதை சொல்லும்போது உம் கொட்டச் சொல்லி உங்களுக்குப் பழக்கியது நான்தான். ‘ம்’ என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். சில நேரம் சரி என்றும் அர்த்தம். காதில் ஒன்று ஓடிக்கொண்டிருக்க, வீட்டில் யார் எது சொன்னாலும் நான் ‘ம்’ என்றேன். யாருக்கும் குறை தெரியவில்லை என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

எஸ்.பி.எம். பரீட்சை முடிந்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்பில் அக்காவுக்கு இடம் கிடைத்தது உங்களுக்குத் தெரியும். நம் லாயாங் லாயாங் ஊரில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். வேண்டும், வேண்டாம் என்று ஒரு தேதிக்குள் கணினியில் பதில் போட வேண்டும். அதை அவள் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

ஒரு சாயங்காலம் வாசலில் மோட்டார் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். நாம் சம்பல் வைத்துச் சாப்பிடும் சோத்தோங் கணவாய்க்கு மூன்று இதயம், அதன் இரத்தம் நீலம் என்று காதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் நினைவிருக்கிறது. அவள் பேசியது மட்டும் நினைவில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, "பெட்டி வாங்க குளுவாங் போலாமா?" என்று அவளிடம் கேட்டேன்.

"எதுக்குப்பா பெட்டி? அதான் வேணாம்னு போட்டாச்சே."

"எதை வேணாம்னு போட்ட?"

"மெட்ரிக்க. அம்மாவால நிக்கவே முடியல, தம்பி தங்கச்சிய யாரு பாக்குறது, வேணாம்னு போட்டுடவான்னு கேட்டேன். ம்னு சொன்னீங்க. நெசமாவாப்பான்னு கேட்டேன். அதுக்கும் ம்னு சொன்னீங்க."

நான் கத்தினேன். யாரைக் கேட்டுச் செய்தாய் என்றுகூடக் கத்தினேன். அவள் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் அதில் ஒரு இயர்போன் மாட்டியிருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகாமல் அவளை அழைத்துக்கொண்டு அவளுடைய பழைய ஆசிரியரிடம் ஓடினேன். அவர் எங்கெங்கோ பேசிப் பார்த்தார். அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விட்டது. திரும்பி வரும்போது மோட்டாரில் பின்னால் இருந்து அவள் சொன்னாள்: "போகலைன்னா அடிச்சிருவேன்னு சொல்வீங்கன்னு நெனச்சேன்பா. அதுக்குத்தான் கேட்டேன்."

என்னால் வண்டி ஓட்ட முடியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். அவளும் இறங்கி நின்றாள்.

இப்போது அவள் பத்து பகாட் டவுனில் ஒரு துணித் தொழிற்சாலையில் வேலைக்கு நிற்கிறாள். சனிக்கிழமை வந்தால் அடுப்படியில் அம்மாவிடம் வாய் ஓயாமல் பேசுகிறாள். நான் உள்ளே போனால், "சாப்பிடுறீங்களாப்பா?" என்கிறாள். மரியாதையாகத்தான். நானோ அந்தச் சனியனை இன்னும் முழுதாக விடவில்லை. வீட்டுக்குள் கொண்டுவருவதில்லை, அவ்வளவுதான். ஆலை வரிசையில் கை தானாகக் காதுக்குப் போகிறது.

போன வாரம் கோயிலில் ஒரு அம்மா அவளிடம், மெட்ரிக் கிடைத்தும் ஏன் போகவில்லை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள், "அம்மாவுக்கு முட்டி முடியல ஆன்ட்டி, நானேதான் வேணாம்னுட்டேன்" என்றாள்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பி, "பொறுப்பான புள்ள. நல்லா வளத்திருக்கீங்க" என்றார்.

நான் சிரித்துத் தலையாட்டினேன்.