ஏணியிலிருந்து இரண்டு முறை

மருத்துவமனை ஆராய்ச்சிப் பிரிவில் எல்லோரும் அவளைத் தேதியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்திரண்டு. பதினோரு வருடமாக ஒரே வேலை. மாதம் தவறாமல் முந்நூறு பெண்களுக்கு ஃபோன் போட்டு, கடைசியாக மாதவிடாய் வந்தது என்றைக்கு என்று கேட்க வேண்டும். பதிலை வைத்து, மாதவிடாய் நிற்பதற்கான கணக்கில் ஆளை ஒரு படியில் நிறுத்த வேண்டும். மைனஸ் ஐந்தில் தொடங்கி பிளஸ் இரண்டு வரை படிகள். இடையில் பூஜ்யம், அதாவது கடைசி மாதவிடாய். அது கடைசிதான் என்பது பன்னிரண்டு மாதம் ஒன்றும் வராமல் கழிந்த பிறகுதான் தெரியும், அப்போதுதான் பிளஸ் ஒன்று. பதினோராம் மாதம் வந்து தொலைத்தால் எண்ணிக்கை முதலிலிருந்து. அப்படி ஆனவர்கள் பரீட்சையில் கோட்டைவிட்டவர்கள்போலக் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள்.

"எதிர்வீட்டுக்காரி பிளஸ் ஒண்ணு போயிட்டாளாமே? என்னைவிடச் சின்னவ அவ!" என்று ஃபோனில் பொருமுகிறவர்களும் உண்டு.

யாருக்கும் தேதி நினைவிருக்காது. ஃப்ரிட்ஜ் நின்றுபோன வாரம், நாத்தனார் கோபித்துக்கொண்டு போன மறுநாள் என்பார்கள். தேதியக்கா அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, மெக்கானிக்கையும் நாத்தனாரையும் துருவித் துருவிக் கேட்டுத் தேதியைப் பிடித்துவிடுவாள்.

புதிதாக வந்த புள்ளியியல்காரர் ஒரு நாள் காலை அந்த நோட்டோடு வந்து நின்றார்.

"அக்கா, நாப்பத்தொண்ணாம் நம்பர். வீட்டுக்காரர் ஏணியிலருந்து விழுந்த அன்னைக்கு வந்ததுன்னு சொல்லியிருக்காங்க. ஒரு பக்கத்துப்படி அவர் விழுந்து இன்னியோட பதினாலு மாசம் ஆச்சு, இன்னொரு பக்கத்துப்படி ஒம்பது மாசம். மனுஷன் எப்பதான் விழுந்தாரு?"

"விசாரிச்சு சொல்றேன்."

"சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா நோட்டை ஒதுக்கிட்டு, ஃபோன் ஆப்புல தேதியைத் தாங்களே பதிஞ்சவங்களை மட்டும் எடுத்துக்கலாம்னு ஆராய்ச்சி நடத்துற டாக்டர்கிட்ட சொல்லிடுவேன்."

ஆப்பில் பதிந்தவர்கள் மொத்தம் பதினேழு பேர். பதினோரு வருட உழைப்பு குப்பைக்கூடைக்குப் போய்விடும். தேதியக்கா நோட்டைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினாள்.

நாற்பத்தொன்றாம் நம்பர்க்காரி தன் மாடி வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கணவர் பெயின்டர், மூலையில் உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். அவர் எப்போது விழுந்தார் என்று தேதியக்கா கேட்டாள்.

"ரெண்டு தடவை விழுந்தாரும்மா," என்றாள் அவள்.

"ஒரு தடவைதான்," என்றார் பெயின்டர். "முப்பது வருஷமா ஏணியில நிக்கிறவன் நான். ரெண்டாவது தடவை இறங்கினேன்."

"தலைகீழாவா?"

"கொஞ்சம் வேகமா."

"எனக்கு அன்னைக்குப் பார்த்து பீரியட்ஸ். இடுப்பு கழண்டு போகுது, இதுல இவரை வேற தூக்கி உக்கார வெச்சேன். இறங்கினாராம்ல!"

தேதியக்கா நியாயமாக எச்சரித்தாள். "அக்கா, ரெண்டாவதும் உண்மைன்னா நீங்க பிளஸ் ஒண்ணு இல்ல. மைனஸ் ஒண்ணுக்கு இறக்கிடுவேன்."

"தாராளமா இறக்கு. இந்த மனுஷன் வாயால ஒத்துக்கணும், அது போதும் எனக்கு."

தேதியக்கா பேனாவைத் திறந்தாள். பதினோரு வருடமாகப் பெண்களிடம் கேட்கும் அதே குரலில் கேட்டாள்.

"நீங்க இறங்கி முடிச்சப்போ ஏணி நின்னுட்டிருந்துச்சா?"

"சாஞ்சிருந்தது."

"சுவத்து மேலயா?"

அவர் பிரஷ்ஷைப் பார்த்தார். "தரை மேல."

"நீங்க?"

"அதுக்குக் கீழ."

துணிக்கொடி குலுங்க நாற்பத்தொன்று சிரித்தாள். அவர் முனகிக்கொண்டே நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் புள்ளியியல்காரர் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தார். நோட்டில் தப்பில்லை, இரண்டு தேதிக்கும் இரண்டு விழுதல்கள் இருந்தன. கணினியில் 'எத்தனையாவது விழுதல்' என்று புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்துவிட்டு, நோட்டை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். தேதியக்கா அதை மேஜைக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஃபோன் அடித்தது. பெயின்டர்.

"அம்மா, அதுல 'விழுந்தார்'னு இருக்கே, அதை 'சறுக்கினார்'னு மாத்த முடியுமா?"

"ஃபார்ம்ல சறுக்கலுக்குக் கட்டம் இல்லீங்க," என்றாள் தேதியக்கா.